எல்லம்மாள் சகோதரியின் முட்டிவலி

எல்லம்மாள் சகோதரிக்கு முட்டிவலி வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாலேகால் மணிக்கு. நேரம் வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதை வரவழைத்தவள் நான்தான்.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை குத்திய இரண்டு பெண்கள் ஏதோ விண்ணப்பத்தை நகல் எடுக்க வந்தார்கள். மிஷனரிகள். மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. நான் அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் அவர்கள் கர்த்தரைப் பற்றிச் சொல்லி முடித்து, ஒரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் ஞானஸ்நானம். "அன்னிக்கு மெஷின் ஒழுங்கா ஓடியிருந்தா நம்ம வூட்ல இன்னும் காப்பி இருந்திருக்கும்" என்பார் என் வீட்டுக்காரர் காசிநாதன். மறைமலைநகரில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். சபைக்கு வரமாட்டார். என்னைத் தடுக்கவும் மாட்டார். எங்கள் சபையில் காப்பி கூடாது என்பதால், காப்பிப் பொடி வாங்கிச் சமையலறையில் ஒளித்து வைக்கிற ஒரே புருஷன் எங்கள் தெருவில் அவர்தான்.

எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் ஊரில் மார்மன் என்பார்கள். டைல்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் ஹால். சம்பளம் வாங்குகிற போதகர் கிடையாது, எல்லா வேலையும் நாங்களே. பெண்களுக்கு ஒத்தாசைச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொருத்திக்கும் இரண்டு மூன்று சகோதரிகளைப் பொறுப்பாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், கஷ்ட நஷ்டம் கேட்க வேண்டும், முடிந்த ஒத்தாசை செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கத் தலைவி கூப்பிட்டு, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பார்.

எனக்குக் கொடுத்தது எல்லம்மாள் சகோதரியை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். ஐம்பது வயது இருக்கும். மீன் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைதான் மீனுக்குப் பெரிய நாள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் விடியற்காலை கரையில் ஏலம் எடுத்து, எட்டு மணி வரை விற்று, மீதியை நாத்தனார் தலையில் ஏற்றிவிட்டு, குளித்து, இரண்டு பஸ் மாறிப் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். நான் ஹாலிலிருந்து பன்னிரண்டு நிமிஷ நடையில் இருக்கிறேன். பத்தே காலுக்கு வருவேன்.

அப்படி வந்துகொண்டிருந்தவர் மூன்று மாதமாக வரவில்லை.

நான் என்ன ஊழியம் செய்தேன் என்றால், தினம் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ அனுப்பினேன். பனித்துளியோடு. கீழே ஒரு வசனம். இரண்டு நீலக் கோடு விழும். சரி, பார்த்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று கடையைத் திறக்கப் போய்விடுவேன். என்னோடு சேர்ந்து போக வேண்டியவள் சுவேதா, படூரில் காலேஜ் படிக்கிற பெண். "எப்ப போலாம்னு சொல்லுங்க ஆன்ட்டி, நான் ரெடி" என்று நாலு தடவை கேட்டாள். நான்தான் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை சங்கத் தலைவி லோகநாயகி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேச்சில் ஒரு சொட்டு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

"எல்லம்மா சிஸ்டரப் போயி பாத்தீங்களா?"

"பாத்தேன் சிஸ்டர்."

நாக்கு என்னைக் கேட்கவில்லை. அதுவே சொல்லிவிட்டது.

"ஏன் வரலையாம்?"

பிளாஸ்டிக் நாற்காலியில் அரைமணி நேரமாக மடக்கி வைத்திருந்த என் முட்டி அந்த நேரம் பார்த்து ஒரு சுண்டு சுண்டியது. "முட்டிவலி சிஸ்டர். பஸ் படி ஏற முடியல."

"எந்த முட்டி?"

"வலது."

"வீக்கம் இருக்கா?"

"லேசா."

ஒரு பொய்க்கு இவ்வளவு சில்லறை விவரம் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. தலைவலி என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

லோகநாயகி கண்ணை மூடினார். திறந்தபோது அதில் ஈரம். "பாவம். அந்தக் காலோட எப்டி மீன் விக்கிறாங்களோ. நாளைக்கு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழம உபவாசந்தான, நம்ம சங்கம் முழுக்க அவங்களுக்காக இருப்போம்."

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாச ஞாயிறு. இரண்டு வேளை சாப்பாடு கிடையாது, பச்சைத் தண்ணீரும் கிடையாது. யாருக்காவது ஒரு கஷ்டம் என்றால் அதை மனதில் வைத்துக்கொண்டு பட்டினி இருப்பது வழக்கம். "அவ்ளோ பெரிய வலி இல்ல சிஸ்டர்" என்று இழுத்துப் பார்த்தேன். "வலி பெருசா சின்னதான்னு நாம அளக்கக் கூடாது ரேணுகா சிஸ்டர்" என்றார். அன்று ராத்திரியே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விட்டது. பதினாறு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பதினேழாவதாக நானும் போட்டேன். போடாமல் இருந்தால் சந்தேகம் வராதா?

நடுவில் ஒரு வாரம் இருந்தது. உண்மையைச் சொல்ல ஏழு நாள். ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு தடங்கல் இருந்தது. திங்கள் கரண்ட் இல்லை. செவ்வாய் கடையில் கூட்டம். புதன்கிழமை ஒன்றுமில்லை, ஆனால் புதன்கிழமை சொன்னால் திங்கட்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே.

ஞாயிறு வந்தது. கூட்டம் முடிந்து பெண்கள் தனியாகக் கூடினோம். எல்லார் உதடும் காய்ந்திருந்தது. ஆதியம்மாள் சகோதரிக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி, அவரிடம் உபவாசம் இருக்கவே கூடாது என்று லோகநாயகி தனியாகச் சொல்லியிருந்தார். கிழவி கேட்கவில்லை. "அவ காலுக்கு நான் ஒரு நேரம் துன்னாம இருந்தா இன்னாடி கொறஞ்சிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது. நானும் பட்டினிதான். காலையில் அடுப்பங்கரையில் இட்லி இருந்தது. பொய்க்காக உபவாசம் இருப்பதா, பொய் சொன்னதோடு உபவாசத்தையும் முறிப்பதா என்று இட்லியின் முன்னால் நின்று யோசித்ததில் நேரமாகிவிட்டது.

ஜெபம் முடிந்ததும் லோகநாயகி சொன்னார்: "இப்பவே போயி அவங்களப் பாத்துட்டு, அவங்களோட ஒரு ஜெபம் பண்ணி, அங்கயே உபவாசத்த முடிச்சிக்கலாம். சுப்பிரமணி பிரதர் வேன் இருக்கு."

சுப்பிரமணி எங்கள் கிளைத் தலைவர். வார நாளில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லம்மாளுக்கு போன் போட்டேன். மூன்று மாதத்தில் நான் அவருக்குப் போட்ட முதல் போன் அதுதான். எடுக்கவில்லை. வேனில் போகும்போது திருக்கழுக்குன்றம் தாண்டி மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த சங்கத்துச் சகோதரி ஜெயப்பிரியா, "வரோம்னு சொல்றீங்களா அக்கா? வேணாம், சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றாள்.

இருந்தது.

குப்பத்துச் சிமெண்ட் ரோடு முடிகிற இடத்தில் வேன் நின்றது. லோகநாயகி, ஆதியம்மாள், ஜெயப்பிரியா, நான், நாலு பேரும் இறங்கினோம். எதிரே மணலில் ஒரு பெண் தலையில் அலுமினிய அன்னக்கூடையோடு வந்துகொண்டிருந்தார். நடை என்று சொல்ல முடியாது, அது ஓட்டம். குறுக்கே ஒரு படகின் கயிறு முட்டிக்குக் கொஞ்சம் மேலே இழுத்துக் கட்டியிருந்தது. கூடையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, புடவையை மறுகையால் தூக்கி, வலது காலை வீசி அதைத் தாண்டினார்.

எல்லம்மாள்தான்.

"சிஸ்டர், முட்டி" என்று பதறிக்கொண்டு லோகநாயகி மணலில் ஓடினார். "அந்தக் கூடையக் கீழ வைங்க மொதல்ல."

எல்லம்மாள் நின்றார். கூடையை இறக்கினார். லோகநாயகியைப் பார்த்தார், ஆதியம்மாளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, மீனின் கண்ணைப் பார்த்தே அது எப்போது பிடித்தது என்று சொல்கிற பெண்ணுக்கு அதைப் படிப்பது பெரிய வேலையா.

"ஆமா" என்றார் மெதுவாக. "முட்டி."

அப்புறம் வீடு வரைக்கும் நொண்டினார். நன்றாகவே நொண்டினார். பாதி வழியில் இடது காலுக்கு மாறிவிட்டார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு, மணலைப் பார்த்தேன்.

வீட்டில் எங்களை உட்கார வைத்தார். லோகநாயகி அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் அமுக்கினார். "இங்க வலிக்குதா? இங்க?"

"எங்க வலிக்கிதுன்னு ரேணுகா சிஸ்டருக்குத் தெரியும். அவங்களக் கேளுங்க."

ஜெயப்பிரியா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் சிரித்ததில்லை, இனியும் வேண்டாம்.

"நாங்க பதினேழு பேரும் நேத்து ராத்திரிலேர்ந்து உங்களுக்காக உபவாசம் சிஸ்டர்" என்றார் லோகநாயகி. "தண்ணிகூட குடிக்கல."

எல்லம்மாள் காலை இழுத்துக்கொண்டார். "எனுக்காவா?"

"உங்க காலுக்காக."

"பதினேழு பேரா?" அவர் முகம் என்னவோ ஆனது. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். "என்னப் பெத்தவகூட எனுக்குன்னு ஒரு வேள பட்டினி கெடந்ததில்ல சிஸ்டர். ஊட்ல இருந்தாத்தான துன்றதுக்கு, அதனால பட்டினி கெடந்திருக்கா, அது வேற."

அப்போதுதான் ஆதியம்மாள் சுவரில் சாய்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. லோகநாயகி எழுவதற்குள் எல்லம்மாள் எழுந்துவிட்டார். இரண்டு முட்டியும் நல்ல முட்டியாக, ஒரே தாவலில் அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்து ஆதியம்மாளின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினார். "குடி ஆயா, குடி. என் காலுக்கு நீ சாவணுமா?"

கொஞ்ச நேரத்தில் ஆதியம்மாளுக்குக் கண் தெளிந்தது. நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

"அவங்களுக்கு முட்டிவலி இல்ல சிஸ்டர். நான் இங்க வந்ததே இல்ல. இன்னிக்குத்தான் இந்த வூட்ட பாக்குறேன். பொய் சொன்னேன்."

வெளியே நாய் ஒன்று கூடையை நக்குகிற சத்தம் கேட்டது. லோகநாயகியின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜெயப்பிரியா, பால் குடிக்கிற பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பட்டினியோடு வந்தவள், தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசியது எல்லம்மாள். கோபமாக.

"இப்ப எதுக்கு நீ இத்த சொன்ன?"

"மனசு கேக்கல."

"உன் மனசு கேக்கலன்னு சொல்லிட்ட. லேசாயிடிச்சி உனுக்கு. எனுக்கு? பதினேழு பேரு எனுக்காவப் பட்டினி கெடந்தாங்கன்னு ஒரு பத்து நிமிசம் நல்லா இருந்துது. அத்தயும் புடுங்கிகினியே. நான் பாட்டுக்கு நொண்டிகினு இருந்தா உனுக்கு இன்னா போச்சி?"

பொய் சொன்னதற்கு அடி வாங்கத் தயாராக இருந்தேன். உண்மை சொன்னதற்கு வாங்குவேன் என்று நினைக்கவில்லை.

லோகநாயகிதான் கேட்டார், தணிந்த குரலில். "அப்ப ஏன் சிஸ்டர் மூணு மாசமா வரல?"

எல்லம்மாள் என்னைக் கை நீட்டிக் காட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு கிளாசுல கேட்டாங்க. சபைக்கு வரும்போது நாம இன்னாத்த கொண்டாறோம்னு. எனுக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சி. நான் அங்க வாயத் தொறந்ததே இல்ல, அன்னிக்கிதான் கைய தூக்கினேன். அதுக்குள்ள இவங்க சொன்னாங்க, எல்லம்மா சிஸ்டர் வஞ்சிரம் கொண்டாறாங்க, கதவு தொறக்கும்போதே தெரிஞ்சிடுதுன்னு. எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கைய எறக்கிட்டேன்."

எனக்கு அது நினைவில்லை. இதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொன்னேன் என்பதைவிட, மறந்துபோனேன் என்பது. ஒரு நாளைக்கு அப்படிப் பத்து சொல்கிறவள் நான். சில்லறை மாதிரி இறைத்துவிட்டுப் போய்விடுவேன். எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

"ரெண்டு தபா சோப்பு போட்டுத்தான் சிஸ்டர் வருவேன்" என்றார் எல்லம்மாள். "பஸ்ல ஜன்னலோரமா நின்னுகினு வருவேன், காத்துல போவட்டும்னு."

ஆதியம்மாள், பேச்சுக்குத் தெம்பு வந்ததும், "ஏய் ரேணுகா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் வேறு வார்த்தை தேவையிருக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லம்மாள் தலையை ஆட்டினார், அது சரி என்றா, போதும் என்றா, தெரியவில்லை. "இங்க சொல்றது லேசு" என்றார். "நாலு பேருதான் கீறீங்க. அத்த நீ எல்லாரு முன்னாடியும் சொன்ன. இத்தயும் அங்க சொல்லு. மைக்குல. நான் வந்து உக்காந்து கேக்குறேன்."

"அடுத்த உபவாச ஞாயிறுதான் எல்லாருக்கும் மைக் தொறந்திருக்கும்" என்றேன். உண்மைதான். ஆனால் அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது, ஒரு மாதம் கிடைக்கிறதே என்று. அதுவும் வெட்கம்தான். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"வரேன்" என்றார் அவர்.

அந்த வீட்டில் சாப்பிட்டோம். சோறு, முந்தைய நாள் குழம்பு. பசியில் எனக்கு ருசி தெரிந்தது, தெரிந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டு இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். திரும்பி வரும்போது வேனில் சுப்பிரமணி, "எப்டி இருக்காங்க சிஸ்டர், நடக்குறாங்களா?" என்று கேட்டார். "நடக்குறாங்க" என்றார் லோகநாயகி.

அந்த ஒரு மாதத்தில் லோகநாயகி என்னிடம் சங்க வேலை எல்லாவற்றையும் முன்போலவே கொடுத்தார். திட்டியிருந்தால் ஒருநாளில் முடிந்திருக்கும். காசிநாதனிடம் நடந்ததைச் சொன்னேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டவர், "ரெண்டு வரி எழுதி வெச்சிக்கோ. உனுக்கு எழுதாம பேச வுட்டா வேற எங்கயாவது பூடுவ" என்றார். எழுதி வைத்தேன். பெரிய எழுத்தில் அச்சடித்துக்கூட வைத்துக்கொண்டேன், கடை நம்முடையதுதானே.

உபவாச ஞாயிறன்று கிளைத் தலைவர் திருவிருந்து முடிந்ததும், யார் வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்லலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் யாராவது எழுந்திருக்கும் வரை ஹால் முழுக்க மின்விசிறிச் சத்தம்தான். எல்லம்மாள் இரண்டாவது வரிசையில் இருந்தார். மஞ்சள் புடவை, தலையில் கனகாம்பரம். பத்து மணிக்கு முன்னாலேயே வந்திருந்தார். அன்று நானும் வந்திருந்தேன்.

எழுந்து போனேன். மைக்கை இறக்கினேன். பின்வரிசையில் யாரோ அதற்கே ஒரு சிரிப்பைத் தயார் செய்வது கேட்டது. நான் எழுந்தால் ஏதாவது வேடிக்கை இருக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. ஆறு வருஷமாக அவர்களுக்கு அதைப் பழக்கியவள் நான்.

"நான் எல்லம்மா சிஸ்டரோட வீட்டுக்கு ஒரு தடவைகூட போகாமலே, போயிப் பாத்தேன்னு சொன்னேன். அவங்களுக்கு முட்டிவலின்னு பொய் சொன்னேன். நீங்க எல்லாரும் அந்த முட்டிக்காகப் பட்டினி இருந்தீங்க."

ஹால் சிரித்தது. நல்ல, நிறைந்த சிரிப்பு. சுப்பிரமணி பிரதர்கூடச் சிரித்தார். நான் சொன்னவிதம் அப்படி இருந்திருக்க வேண்டும். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சிரிக்காதவர்கள் நாலு பேர். ஒருவர் எல்லம்மாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏலம் முடியவில்லை என்பதுபோல.

பேப்பரை மடித்து வைத்தேன். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். "இது ஜோக் இல்ல" என்றேன். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். போகவில்லை. பொய் சொன்னேன். அவங்க வராம போனதுக்குக் காரணம் முட்டி இல்லை, கிளாசில் நான் சொன்ன ஒரு வார்த்தை. இன்ன வார்த்தை. அதைத் திருப்பிச் சொல்லும்போது என் வாய் உலர்ந்தது, உபவாசத்தால் மட்டும் இல்லை. அன்று சிரித்தவர்கள் யார் யார் என்று அவரவருக்குத் தெரிந்திருக்கும், ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. இந்தத் தடவை மின்விசிறி மட்டும்தான்.

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் என்று முடித்து இறங்கினேன். ஆமென் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது.

நான் உட்காருவதற்குள் எல்லம்மாள் எழுந்தார். நேராக மைக்குக்குப் போனார். அதை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார், அல்லது மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் போகிறார். எது வந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பேசினார். புயலடித்த வருஷம் படகோடு போன தம்பியைப் பற்றி. மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்ததைப் பற்றி. ஏலத்தில் தரகன் ஏமாற்றும்போது தனக்குக் கெட்ட வார்த்தை வாய்வரைக்கும் வந்து நின்றுவிடுவதைப் பற்றி, அது ஜெபத்தின் பலனா வயசா என்று இன்னும் தெரியவில்லை என்றும் சொன்னார். மீனோடு கரைக்கு வரும் படகைத் தூரத்தில் பார்க்கும்போது நெஞ்சுக்குள் என்ன ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை இந்தப் படியேறும்போதும் அதே ஆவது எப்படி என்று. பதினோரு நிமிஷம். கிளைத் தலைவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், லோகநாயகி அவரை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆதியம்மாள் அழுதுகொண்டிருந்தார். இப்படிப் பேசுகிற ஒருவர் இரண்டு வருஷமாக எங்கள் நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கடைசி வரைக்கும் என் பெயர் வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.